சாய்சரண் மறைத்து வைத்த ஐம்பத்தொரு விநாடி

சக்கரத்தை இடது கையால் சுழற்றிவிட்டு, வலது கையில் இருந்த சின்னச் சாவியால் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான் சாய்சரண். விளிம்பு எந்த இடத்தில் ஒதுங்கி ஓடுகிறதோ அங்கே நிறுத்துவான். அந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்துவான், எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்குவான், மறுபடி சுழற்றுவான். கடையில் இதைப் பெண்டு எடுப்பது என்பார்கள். அவசரக்காரனுக்கு வராத வேலை. அவனுக்கு நன்றாக வரும். உஸ்மான் சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சைக்கிள் கடைக்கு மற்ற கடைக்காரர்களே சக்கரத்தை அனுப்புவது அவன் கைக்காகத்தான்.

அன்று அவன் கையில் இருந்தது ஸ்நேஹாவின் சக்கரம். இருபத்திரண்டு வயதுப் பெண். பி.எம்.எக்ஸ். ஓட்டுகிறவள். குட்டைச் சட்டமும் சின்னச் சக்கரமுமாகப் பார்ப்பதற்குக் குழந்தைகள் வண்டிபோல இருக்கும், ஆனால் படியிலிருந்து குதிப்பதற்கும் அந்தரத்தில் திருப்புவதற்கும் என்றே செய்த சைக்கிள். முக்காலியில் உட்கார்ந்து கரும்புச்சாறு குடித்தபடி அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நேற்று மாறன் கூப்பிட்டானாம். அவர்களுடைய சைக்கிள் கூட்டத்தின் பத்து வருஷ வீடியோவுக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் விழுந்த அன்று காலையில் எடுத்தது ஏதாவது அவளிடம் இருக்கிறதா என்று கேட்டானாம்.

“அன்னைக்கு நான் பெஞ்சுல ஏறினத உன் போன்ல எடுத்தியே, அந்தக் கிளிப் இருக்குன்னேன். போன மாசம் நீதானே அனுப்பின? அன்னைக்கு எடுத்ததெல்லாம் சரண்கிட்டயே இருக்கும்னு சொன்னேன். ஏன், அவனுக்குக் குடுக்கலையா நீ?”

சரணின் சாவி கால் சுற்றுக்குப் பதிலாக ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது. சக்கரம் பாம்புபோல நெளிந்து ஓடியது. தேடணும் என்று ஏதோ சொல்லிவிட்டு, அவன் எல்லாக் கம்பிகளையும் தளர்த்தி முதலிலிருந்து ஆரம்பித்தான். ஸ்நேஹா கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் மனதில் ஒன்றும் இல்லை. சொன்னதை அப்போதே மறந்தும் போனாள்.

தேட வேண்டிய அவசியம் சரணுக்கு இல்லை. அந்த வீடியோ எங்கே இருக்கிறது, எத்தனை விநாடி, எந்த விநாடியில் என்ன நடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். போன் கீழே விழுந்து எல்லாம் அழிந்துபோயிற்று என்றுதான் இரண்டு வருஷமாக மாறனிடம் சொல்லி வந்தான்.

சரணுக்கு இருபத்தெட்டு வயது. மேற்கு மாம்பலத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவன். அப்பா அனந்தராமன் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா விஜயலக்ஷ்மி அவனை ஏழு வயதில் மிருதங்க வகுப்பில் சேர்த்தாள். பதினேழு வயதில் ஒரு நாள் வகுப்புக்குப் போகாமல் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் சுற்றிக்கொண்டிருந்தவன், அங்கே அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்த தமிழ்மாறனைப் பார்த்தான். மாறனுக்கும் அதே வயது. பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சட்டம், அச்சின் இரு முனையிலும் காலை ஊன்றுவதற்குப் பிளம்பர் பைப்பில் வெட்டிய துண்டுகள். அந்த வண்டியைப் பின் சக்கரத்தில் மட்டும் நிறுத்தி நூறு அடி ஓட்டினான். சரண் வாய் பிளந்து நின்றதைப் பார்த்து, “இன்னா மாம்பலம், ஈ பூந்துடப் போவுது” என்றான். அன்றிலிருந்து சரணுக்கு அதுவே பெயர். மிருதங்கம் நின்றது. பி.காம். எப்படியோ முடிந்தது. சைக்கிள் கடை வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொன்ன நாளிலிருந்து அப்பா அவனோடு பேசுவதைச் சாப்பாட்டு விஷயத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். தங்களை ‘அஞ்சு மணி’ என்று அழைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் பாண்டி பஜார் நடைபாதை காலை ஐந்து மணிக்குத்தான் காலியாக இருக்கும். அகலமான கல் தளம், கருங்கல் பெஞ்சுகள், மூடிக் கிடக்கும் ஜவுளிக் கடைகளின் படிகள். ஏழு மணிக்குள் ஓட்டி முடித்து அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, வீடியோ எடுக்காத வித்தை கணக்கில் சேராது. யார் எதைச் செய்தாலும் ஒரு போன் எங்காவது சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது விசில் சட்டம். ஒருமுறை கடை வாட்ச்மேன் ஒருவர் இரண்டு வண்டிகளைப் பிடித்துக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டார். மீட்க ஒரு நாள் முழுக்க அலைந்தார்கள். அதற்குப் பிறகு வாட்ச்மேன் விசில் கேட்டால் வண்டி, பை, போன், விழுந்து கிடப்பவன் உட்பட எதையும் விடாமல் அள்ளிக்கொண்டு அரை நிமிஷத்தில் மறைந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தோள் எலும்பு முறிந்த ஒருவனைத் தூக்கிக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் வரை ஓடியதை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தோள் எலும்புக்கு அது பரவாயில்லை. எல்லா எலும்புக்கும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆவணி மாதக் காலையில் மாறன் ஐந்து படிகளுக்கு மேலிருந்து டெயில்விப் போட்டான். கைப்பிடி கையிலேயே இருக்கும், வண்டியின் உடல் மட்டும் ஓட்டுகிறவனின் காலுக்கு அடியில் ஒரு முழு வட்டம் சுற்றி வரும். சக்கரம் தரையைத் தொடுவதற்குள் இரண்டு காலும் பெடலில் இருக்க வேண்டும். இருந்தால் இறங்கியாயிற்று, இல்லாவிட்டால் இல்லை. நடுவில் எதுவும் கிடையாது. சென்னையில் யாரும் ஐந்து படியில் அதைச் செய்ததில்லை என்று அவர்கள் நம்பினார்கள். மற்றவர்கள் தெருவின் மறுகோடியில் இருந்தார்கள். சரணின் போன் பெஞ்சுக் காலில் சாய்ந்து நின்றது.

மாறனின் முதுகு கருங்கல் பெஞ்சின் விளிம்பில் மோதியது. நெஞ்சுக்குப் பின்னால் எலும்பு நொறுங்கி, உள்ளே ஓடும் நரம்பு நசுங்கிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். கைகள் பிழைத்தன. மார்புக்குக் கீழே உணர்வு போயிற்று. தலையும் அடிபட்டதால் படியிலிருந்து எழும்பியதற்குப் பிறகு, ஆட்டோவில் கண் விழிக்கும் வரை அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. ஒன்றைத் தவிர. வலது காலுக்கு அடியில் பெடல் வந்து அமர்ந்தது நினைவிருந்தது. ஆகவே இறங்கிவிட்டேன், அதற்கப்புறம்தான் விழுந்தேன் என்று சொன்னான். ஆஸ்பத்திரியில் சொன்னான், வீட்டில் சொன்னான், பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் வீடியோ இல்லை.

சரண்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காக அவனை மெச்சினார்கள். அதற்கு மேல் தெரிந்தது சரணுக்கு மட்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மாறனின் அம்மா தேவானைக்கும் சரணுக்கும் சேர்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தாள். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடி, இந்த மூன்று இடத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்த வேண்டும். வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காவிட்டால் அங்கே புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மலம் கழிய வைப்பது, மூத்திரப் பையை மாற்றுவது எல்லாம் சரண் முகம் சுளிக்காமல் கற்றான். முதல் வருஷம் முதுகின் அடியில் ஒரு புண் வந்தது. ஆற நாலு மாதம் ஆயிற்று. தினமும் கழுவிக் கட்டியவன் அவன்தான். காலை ஐந்தரைக்கு தேவானை சமையல் வேலைக்குக் கிளம்பியதும் சரண் வந்துவிடுவான். பத்து மணிக்குக் கடைக்குப் போவான். பகலில் பக்கத்து வீட்டு ஜைதூன் பீ பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் மறுபடி சரண். இரண்டு வருஷத்தில் அவன் வராத நாட்கள் பதினொன்று, அதிலும் ஒன்பது நாள் அவனுக்கே காய்ச்சல்.

இதையெல்லாம் அன்பினால் செய்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அன்பும் இருந்தது.

ஒருநாள் அந்த நர்ஸிடம், வேறு யாருக்கோ நடந்ததுபோல ஒரு கேள்வி கேட்டான். விழுந்தவன் காலை அசைத்தால், அப்புறம் அசைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம். அவள் ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே, “விழுந்தப்போ நரம்பு நல்லா இருந்திருக்கு. அப்புறம் யாரோ தூக்கியிருக்காங்க. அதுல போயிருக்கு” என்றாள்.

ஸ்நேஹா வந்துபோன அன்று மாலை தியாகராய நகர் பேருந்து நிலையத்தில் சரண் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். இனி வீடியோ இல்லை என்று மாறனிடம் சொல்ல முடியாது. ஆனால் தான் மறைத்ததற்கு என்ன காரணம் என்று மாறன் நினைப்பான் என்பது அவனுக்குத் தெரியும். இறங்கவில்லை, அதைச் சொல்ல மனம் வராமல் மறைத்திருக்கிறான் என்றுதான் நினைப்பான். அது பொய்யும் இல்லை. மாறன் இறங்கவில்லைதான். அந்தப் பகுதியை மட்டும் கொடுத்தால் போதும். போனை எடுத்து, வீடியோவை ஒன்பதாவது விநாடியில் கத்தரித்தான். முதுகு பெஞ்சில் படுவதற்குச் சற்று முன்னால் படம் முடிந்தது. தனிப் படமாகச் சேமித்துக்கொண்டு மூன்றாவது பேருந்தில் ஏறினான்.

அடையாறில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தரைத்தளத்தில் ஒற்றை அறை வீடு. அரசாங்கம் அவர்களை ஆற்றங்கரையிலிருந்து கிளப்பியபோது ஊருக்கு வெளியே கொடுத்த வீடு ஆறாவது மாடியில் இருந்தது. சக்கர நாற்காலியை அங்கே ஏற்றி இறக்க முடியாது என்று தேவானை இங்கே வாடகைக்கு வந்துவிட்டாள். கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில். அதன்மேல் குறுக்குப் பலகை, பலகைமேல் கூட்டம் வாங்கிக் கொடுத்த லேப்டாப். மாறன் இப்போது வீடியோ வெட்டுகிறவன். புறநகர்க் குடியிருப்புகளில் கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் போனில் எடுத்ததை இவனுக்கு அனுப்புவார்கள். இவன் வெட்டி, ஒட்டி, தாளத்துக்கு விழ வைத்துக் கொடுப்பான். நன்றாகச் செய்வான் என்று பெயர் வாங்கியிருந்தான்.

“இன்னா மாம்பலம், பஸ்ஸ தள்ளிக்கினு வந்தியா?” என்றான்.

சரண் முதலில் வேலையைப் பார்த்தான். மூத்திரப் பையைக் காலி செய்தான். கையைக் கழுவினான். மாறன் கட்டில் கம்பியைப் பிடித்து மேல் உடம்பைத் திருப்பிக்கொடுக்க, சரண் இடுப்பையும் காலையும் சேர்த்துப் புரட்டி முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்தான். குதிகாலைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. செய்வதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

மாறன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஸ்நேஹா சொன்னதைச் சொன்னான். கோபம் இல்லை. வீடியோவில் தனக்கு என்று பத்து விநாடி இடம் விட்டு வைத்திருப்பதாகவும், அது கறுப்பாகவே கிடப்பதாகவும் சொன்னான்.

“நீ ஏன் மறைச்சினு கீறன்னு எனக்குத் தெரியும் மச்சி. எறங்கல, அதான? பரவால்ல. குடு.”

சரண் ஒன்பது விநாடியைக் கொடுத்தான்.

மாறன் அதை ஓடவிடவில்லை. வெட்டுகிறவன் பார்க்கிறபடி ஒவ்வொரு படமாக நகர்த்தினான். வண்டியின் உடல் சுற்றி வந்தது. வலது கால் பெடலில் சரியாக விழுந்தது. இடது கால் காற்றில் இருந்தது. அடுத்த படத்தில் சக்கரம் தரையைத் தொட்டது. இடது காலுக்கும் பெடலுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் என்று வெகுநேரம் பார்த்தான். அந்த இடைவெளியைத் திரையின்மேல் விரலை வைத்து அளந்துகூடப் பார்த்தான்.

“நாலு வெரக்கட” என்றான். “ரெண்டு வருசமா எறங்கிட்டேன் எறங்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கினு கீறேன். ஊசி போட வந்த நர்ஸம்மாவக்கூட உடல.”

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. பிறகு கறுப்பாகக் கிடந்த பத்து விநாடியைத் தேர்ந்தெடுத்து அழித்தான். முன்னால் இருந்ததும் பின்னால் இருந்ததும் வந்து ஒட்டிக்கொண்டன. வீடியோவில் அவன் இல்லை. மூடியிருந்த ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரணைப் பார்க்காமலே பேசினான்.

“வேற எவனா இருந்தாலும் அன்னிக்கே குரூப்புல போட்டுருப்பான். நீ என்னியக் காப்பாத்தி வெச்சிருந்த. தேங்ஸ்டா.”

சரண் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். இத்தோடு முடிந்துவிட்டது, இனிமேல் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. நினைத்தபடியே நடந்துவிட்டது. மாறனிடம் மிச்சம் இருந்த ஒரே பெருமையை எடுத்துக்கொண்டு, அதற்கு நன்றியையும் வாங்கிக்கொண்டாயிற்று. கட்டிலருகே திரும்பி வந்தான்.

“அது பாதிதான்டா” என்றான்.

“இன்னா பாதி?”

“மொத்தம் அம்பத்தோரு செகண்டு. நான்தான் கட் பண்ணேன்.”

போனைப் பலகைமேல் வைத்தான். இந்த முறை மாறன் அதை ஓடவிட்டான்.

முதுகு பெஞ்சில் மோதுகிறது. மாறன் தளத்தில் சரிகிறான். மூன்று விநாடி அசைவில்லை. பிறகு அவனுடைய இடது முழங்கால் மெதுவாக மடங்கி மேலே எழும்புகிறது, பாதம் தளத்தில் ஊன்றுகிறது, மறுபடி நீள்கிறது. “ஒண்ணுல்ல, ஒண்ணுல்ல” என்று அவன் குரல். விசில் சத்தம். சரண் படத்துக்குள் ஓடி வருகிறான். குனிந்து, மாறனின் இரு அக்குளிலும் கை கொடுத்து ஒரே இழுப்பில் நிமிர்த்துகிறான். மாறன் கத்துகிறான். தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ ஒருவர், வயதான குரல், “தூக்காதீங்கப்பா! அப்படியே உடுங்க, தூக்காத!” என்று கூவுகிறார். சரண் பின்னால் நடந்து இழுத்துக்கொண்டு போகிறான். மாறனின் இரண்டு குதிகாலும் கல் தளத்தில் தேய்ந்துகொண்டே படத்தை விட்டு வெளியே போகின்றன. காலி நடைபாதை. கடைசியில் சரணின் கை வந்து போனை எடுக்கிறது.

மாறன் வீடியோவில் மூன்று தரம் பின்னால் போனான். மூன்று தரமும் முழங்கால் மடங்கும் இடத்துக்குத்தான். பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டான். கழற்றினான்.

“யாரு அது?”

“வாட்ச்மேன். விசில் ஊதுனதும் அவருதான். நம்மளத் தொரத்த ஊதல. நீ விழுந்ததப் பாத்துட்டு ஸ்டாண்டுல இருக்கற ஆட்டோக்காரங்களக் கூப்புட ஊதிருக்காரு.”

“உனுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கு ராத்திரியே. அவரையே போய்க் கேட்டேன்.”

சந்தில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள். மாறன் லேப்டாப்பை மூடினான். அவன் ஏதாவது சொல்லட்டும், திட்டட்டும் என்று சரண் காத்திருந்தான். மாறன் தன் காலைப் போர்த்தியிருந்த போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது தேவானை வேலையிலிருந்து வந்தாள். பையில் கொண்டுவந்த குழம்பைச் சூடு பண்ணவா என்று கேட்டாள். 

“நீ கெளம்பு” என்றான் மாறன். “நாளைக்கு வராத.”

வீடியோ விஷயமாக ஏதோ சண்டை என்று தேவானை நினைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சரண் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.

மேற்கு மாம்பலத்தில் அம்மா அவனுக்குச் சாதம் போட்டாள். அன்றைக்குக் கோவிலில் யார் யாரைப் பார்த்தாள் என்று சொல்லிக்கொண்டே போட்டாள். “சுலோச்சனா மாமி சொல்லிண்டே இருந்தாடா. கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாத்துக்க மாட்டான், உங்காத்துப் பிள்ளை பண்றது எத்தனை பெரிய புண்ணியம்னா.” அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி மகனை ஒரு தரம் பார்த்தார். சைக்கிள் கடைக்குப் போனவனை அவர் மன்னித்திருந்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான் என்று சரணுக்குத் தெரியும். மோர் சாதத்துக்கு முன்னாலேயே எழுந்து கை கழுவினான். படுத்தான். தூக்கம் வந்ததா என்றால், நாலு மணிக்கு விழித்துக்கொண்டான் என்பதால் வந்திருக்கத்தான் வேண்டும்.

வராதே என்று சொன்ன இடத்துக்குப் போகக் கூடாது. ஆனால் ஐந்தரைக்கு தேவானை கிளம்பிவிடுவாள், ஜைதூன் பீ தொழுகை, சமையல் எல்லாம் முடித்து வரப் பத்து மணி ஆகும். நடுவில் நாலரை மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே அவன் குளித்தான், உடுத்தினான், ஐந்து இருபதுக்கு அந்தச் சந்தின் முனையில் டீக்கடைக்கு வெளியே இருந்த பலகையில் உட்கார்ந்திருந்தான்.

தேவானை பையோடு வந்தாள். அவனைப் பார்த்து நின்றாள்.

“இன்னாடா இங்க குந்தினு கீற? அவன் ராவெல்லாம் கண்ண மூடல. இன்னா உங்களுக்குள்ள?”

சரண் எழுந்து நின்று சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. விழுந்த பிறகு மாறன் காலை மடக்கி நீட்டினான், அதற்குப் பிறகு நான் அவனைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனேன், அதில்தான் கால் போயிற்று, இரண்டு வருஷமாக வீடியோவை ஒளித்து வைத்திருந்தேன். நாலு வாக்கியம். டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, மறுபடி ஆற்ற ஆரம்பித்தார்.

தேவானை பலகையில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எந்தக் காலு?”

“எடது.”

“நல்லா மடக்கினானா?”

“மடக்கினான். ஊன்றினான்கூட.”

அவள் தன் இடது முழங்காலின்மேல் கையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். ஒரு காலிப் பேருந்து போயிற்று. அவள் அழவில்லை. அழுதால் சரணுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மூன்ற மணிக்கு வலது பக்கம் போட்டுட்டு வந்தேன். இப்ப அஞ்சரை” என்றாள். “இத்த நான் மறக்க மாட்டேன், சொல்லிட்டேன். உன் மூஞ்சியப் பாக்குற நேரமெல்லாம் ஞாபகம் வரும். சாயங்காலம் வந்து கேக்க வேண்டியதெல்லாம் கேப்பேன். அதுக்கோசரம் அவன் இடுப்புல புண்ணு வரணுமா? உள்ள போ.”

அவள் எழுந்து வேலைக்குப் போனாள். வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள்.

அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாறன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். செருப்புச் சத்தத்திலேயே யார் என்று தெரிந்துகொண்டான்.

“வராதன்னு சொன்னேன்ல.”

“அம்மா அனுப்புனாங்க.”

“அதுகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

 சரண் கையைக் கழுவித் துடைத்தான். போர்வையை விலக்கினான். வலது இடுப்பு கீழே அழுந்தியிருந்தது, புரட்டினால்தான் பார்க்க முடியும். ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் இன்னொரு கையைத் தொடைக்கு அடியிலும் கொடுத்துவிட்டு நின்றான். மாறன் கம்பியைப் பிடித்து மேல் உடம்பைத் திருப்பாமல் அவனால் தனியாக எதுவும் செய்ய முடியாது.  அப்படியே குனிந்து நின்றான். அவன் முதுகு வலிக்க ஆரம்பிக்கும் வரை நின்றான்.

மாறன் கையை நீட்டிக் கட்டில் கம்பியைப் பிடித்தான்.

“எண்ணு” என்றான்.

சரண் மூன்று எண்ணிப் புரட்டினான். வலது இடுப்பெலும்பின்மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினான். வெளுத்தது. விரலை எடுத்ததும் சிவப்பு திரும்பி வந்தது. முழங்காலுக்கு நடுவில் தலையணையை வைத்து, வெந்நீர் போடப் போனான்.